பழைய மாணவிகள் சங்கம் உண்மையில் என்ன செய்கிறது? செயலாளராகப் போகும் ஒரு தங்கைக்கு

கேள்வி கேட்டவர் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் உயர்தரம் வரை படித்தவர். கல்யாணமாகி லண்டன் வந்து சில வருடங்கள். அவருடைய கல்லூரியின் லண்டன் கிளைப் பழைய மாணவிகள் சங்கத்தில் செயலாளராக வரச்சொல்லிக் கேட்கிறார்களாம். "வருடத்துக்கு ஒரு விருந்து, எல்லாருக்கும் ஒரே நிறச் சேலை, ஒரு குழுப்படம். இதைவிட இந்தச் சங்கங்கள் என்ன செய்கின்றன? நான் போனால் எங்கேயிருந்து தொடங்குவது?" என்பது அவருடைய கேள்வி.

போங்கள் தங்கச்சி, பொறுப்பை எடுங்கள். விருந்தையும் குறைவாக நினைக்க வேண்டாம். மண்டபம் பிடித்து, சாப்பாடு சொல்லி, ரிக்கற் விற்று, குழந்தை குட்டியோடு இருக்கிறவர்களையும் முழங்கால் நோவோடு இருக்கிறவர்களையும் ஒரே நாளில் ஓரிடத்துக்கு வரவைப்பது லேசான காரியமில்லை. பொதுக்கூட்டத்துக்கு எட்டிப்பார்க்காதவர்கள் விருந்துக்கு வருவார்கள். சந்தா கட்ட மறந்தவர்கள் அன்றைக்குக் கட்டுவார்கள். ஆனால் சங்கம் உயிரோடு இருக்கிறதா என்பது அந்த நாளுக்கு முந்தின, பிந்தின மாதங்களில்தான் தெரியும். ஊர்ச் சங்கத்திலும் பிறகு வெளிநாட்டுக் கிளையிலும் பல வருடம் இருந்து பார்த்ததில் எனக்கு ஒரு விஷயம் உறுதி. தன் மாணவிகளின் பெயர்களை ஒழுங்காக வைத்திருக்கிற சங்கம் காசையும் சேர்க்கும், பள்ளிக்கும் உதவும், தன் ஆட்களையும் பார்த்துக்கொள்ளும். பெயர்களைத் தொலைத்த சங்கம் கொஞ்சக் காலத்தில் பத்துப் பதினைந்து சிநேகிதிகளின் வட்டமாகச் சுருங்கிப்போகும்.

இது ஏன் என்று விளங்க, எங்கள் பள்ளிகள் வந்த வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கென்று விடுதிப் பள்ளியைத் தொடங்கியது 1824 இல். ஹரியட் வின்ஸ்லோ அம்மையாரின் பெயர் அதோடு சேர்ந்தது. மெதடிஸ்த மிஷனின் வேம்படி 1834 இல் வந்தது, அங்கிலிக்கன் மிஷனின் சுண்டிக்குளி 1896 இல். சைவப் பெண்பிள்ளைகளுக்கென்று சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் கல்லூரி கட்டியது 1913 இல். யாழ்ப்பாணம் இந்து மகளிர் கல்லூரி 1943 இல் வந்தது. உடுவில் 2024 இல் இருநூறு வருடத்தைத் தொட்டது. அதாவது நாங்கள் "பழைய மாணவி" என்று சொல்லிக்கொள்ளும்போது, சிலருடைய குடும்பத்தில் அது ஆறு, ஏழு தலைமுறைக் கதை.

உடுவிலில் எலைசா அக்னியூ என்றொரு அமெரிக்க ஆசிரியை இருந்தார். 1840 இல் யாழ்ப்பாணம் வந்தவர், சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகவேயில்லை. ஏறத்தாழ நாற்பது வருடம் அந்தப் பள்ளியில் படிப்பித்து, 1883 இல் யாழ்ப்பாணத்திலேயே கண்ணை மூடினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அவரிடம் படித்தார்கள். சில வீடுகளில் பேத்தி, தாய், பாட்டி மூன்று பேருக்கும் அவரே ரீச்சர். "ஆயிரம் பெண்களின் தாய்" என்று அவரைச் சொல்வது இதனால்தான். மூன்று தலைமுறையை அறிந்த ஒருவர் பள்ளிக்குள்ளேயே இருந்தால், எந்தப் பிள்ளை எங்கே கல்யாணம் கட்டிப் போனது என்று கேட்க ஓர் இடம் இருக்கும். இப்போது அதிபர்கள் மாறுகிறார்கள், ஆசிரியர்கள் இடமாற்றத்தில் போய்விடுகிறார்கள். அந்த நினைவை வைத்திருக்க வேண்டிய பொறுப்பு சங்கத்தின் தலையில் வந்திருக்கிறது.

ஆண்கள் பள்ளிச் சங்கங்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் எங்களுக்கு உண்டு. ஒரு பையன் பள்ளிக்கூடத்தில் எந்தப் பெயரோடு இருந்தானோ, எழுபது வயதிலும் அதே பெயர்தான். எங்கள் பிள்ளைகளோ அப்பாவின் பெயரோடு பள்ளியின் சேர்விடாப்பில் (சேர்க்கைப் பதிவில்) இருப்பார்கள், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரில் திருமதியாகிவிடுவார்கள், அதன் பிறகு பிரித்தானியக் கடவுச்சீட்டில் மூன்றாவதாக ஒரு வடிவம் வரும். "திருமதி சிவகுமார்" என்று தொலைபேசி எண்ணோடு ஒரு பட்டியல் உங்கள் கையில் கிடைக்கும். அவர் எந்த வருடம் படித்தவர், பள்ளியில் என்ன பெயர் என்று பட்டியலில் இருக்காது. அவருடைய வகுப்புத் தோழி கனடாவில் இருந்து அவரைத் தேடிக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் உங்கள் பட்டியலிலேயே இருப்பார்கள், ஒருவரை ஒருவர் அறிய வழியிருக்காது.

அதோடு போரும் இடப்பெயர்வும். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ். குடாநாட்டின் வலிகாமம் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்து வீதிக்கு வந்தபோது கையில் எடுத்தது பிள்ளைகளையும் அடையாள அட்டையையும்தான். பள்ளியின் ஆண்டு மலர்களையும் வகுப்புப் படங்களையும் யார் தூக்கிக்கொண்டு வந்தார்கள்? அதற்கு முன்பே, 1981 இல், யாழ். பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்துபோயிருந்தது. ஆகையால் இன்று பள்ளிகளின் கடந்த காலம் பெரும்பாலும் தனி ஆட்களின் அலுமாரிகளில் இருக்கிறது. அதில் கொஞ்சம் லண்டன் ஹரோவிலும் ரொறன்ரோ ஸ்காபரோவிலும் சிட்னியிலும் இருக்கிறது.

நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு முதிய அம்மாவைப் பார்க்கப் போயிருந்தோம், எண்பது தாண்டியவர். மகள் வீட்டில் இருந்தார், காலை என்ன சாப்பிட்டார் என்பது கூடச் சரியாக நினைவில்லை. 1950களில் எடுத்த வகுப்புப் படம் ஒன்றின் நகலை மடியில் வைத்தோம். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். படத்தில் இருந்த வரிசைப்படி அவர் சொல்லவில்லை, இடாப்பு வரிசைப்படி சொன்னார். காலையில் ரீச்சர் இடாப்புக் கூப்பிடும் அதே ஒழுங்கில், அப்பா பெயரையும் சேர்த்து, நிற்காமல். நடுவில் ஒரு பெயரில் நிறுத்தி, "அவ தைப்பொங்கலுக்குப் பிறகு வரேல்லை, மலேயாவுக்குக் கூட்டிக்கொண்டு போயிட்டினம்" என்றார். எங்களில் ஒருத்தி கைப்பேசியில் பதிந்துகொண்டாள். அந்தப் பதிவில் இருந்து ஒரு முழு வகுப்பின் பட்டியல் எங்களுக்குக் கிடைத்தது. வேறு எங்கும் அது இருந்திருக்க வாய்ப்பில்லை. அவர் இப்போது இல்லை.

ஆகவே செயலாளராக முதலில் ஒரு பதிவேட்டைத் திறவுங்கள். பள்ளிக்காலப் பெயர், இப்போதைய பெயர், சேர்விலக்கம் நினைவிருந்தால் அது, படித்த வருடங்கள், க.பொ.த. பரீட்சை எழுதிய வருடம், விளையாட்டு இல்லம் (ஹவுஸ்), விடுதியா வீட்டிலிருந்து வந்தவரா, சொந்த ஊர், தொடர்பு. இவ்வளவு போதும். இல்லத்தை விட்டுவிடாதீர்கள். தன் பட்சை (வருடப் பிரிவை) மறந்தவர்கள் இருப்பார்கள், தன் இல்லத்தை மறந்தவரை நான் கண்டதில்லை. ஊரும் முக்கியம். "அளவெட்டி, பஸ்ஸில் வந்து போறவ" என்று சொன்னால்தான் சிலரை மற்றவர்களுக்குப் பிடிபடும். தகவலை யாரிடம் என்றாலும் அனுமதி கேட்டு வாங்குங்கள், எண்ணைப் பொதுக் குழுவில் போட வேண்டாம். பெண்களுடைய முகவரி என்பது கவனமாகக் கையாள வேண்டிய விஷயம். தேடிக் கண்டுபிடிக்கப்பட விரும்பாதவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் காரணம் இருக்கும்.

பழைய மலர், பரிசளிப்பு விழா அறிக்கை, விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சி நிரல், எது கிடைத்தாலும் வருடி எடுத்து வையுங்கள். நூலகம் அறக்கட்டளை 2005 முதல் ஈழத்து ஆவணங்களை மின்னூலாக்கிப் பொதுவில் வைத்துவருகிறது, பாடசாலை மலர்களும் அதில் நிறைய இருக்கின்றன. உங்கள் பள்ளியின் எந்த வருட மலர் அங்கே இல்லை என்று பார்த்து, அதை மட்டும் தேடுங்கள். ஒரு கிளைச் சங்கத்தால் செலவில்லாமல் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை இது என்று நான் நினைக்கிறேன்.

ஊரில் வருடம் எப்படி ஓடுகிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் உங்களிடம் வரும் கோரிக்கைகள் அந்த ஓட்டத்தில்தான் வரும். முதலாம் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டி. பிறகு பரிசளிப்பு விழா, நிறுவுநர் தினம். மிஷன் பள்ளிகளில் நன்றி ஆராதனையும் டிசம்பரில் கரோல் இசையும் உண்டு. கரோல் பாடும் பிள்ளைகளில் சைவப் பிள்ளைகள் பலர், அது அங்கே எப்போதும் அப்படித்தான். சைவப் பள்ளிகளில் நவராத்திரியும் வாணி விழாவும். பொதுக்கூட்டத்தை இவற்றில் ஒன்றோடு ஒட்டி வைப்பார்கள், வெளியூரில் இருந்து வருகிறவர்களும் கலந்துகொள்ளலாம் என்பதற்காக.

விளையாட்டுப் போட்டியில் பழைய மாணவிகளுக்கென்று ஒரு நிகழ்ச்சி இருக்கும். ஊருக்குப் போகும் காலம் பொருந்தினால் கட்டாயம் ஓடுங்கள். இல்ல அலங்காரங்களுக்கு நடுவர்கள் புள்ளி போட்டு முடித்து, அஞ்சலோட்டமும் ஓடி, வெயில் சாயும் நேரத்தில் ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வங்கி முகாமையாளர், கிராமத்து மருத்துவமாது, பேரப்பிள்ளை கண்ட ஓய்வு பெற்ற அதிபர் எல்லாரும் ஒரே கோட்டில் நிற்பார்கள். பக்கத்தில் நிற்கும் மாணவிகள் இவர்களுடைய இல்லம் என்னவென்று கேட்டு, தங்கள் இல்லம் என்றால் தொண்டை கிழியக் கத்துவார்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தன் பள்ளியில் படித்த ஒரு பெண் பிற்காலத்தில் என்னவாக இருக்கலாம் என்பதை அந்தக் கோடு ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். தொழில் வழிகாட்டல் கருத்தரங்குகளும் வேண்டும்தான். ஆனால் அவற்றுக்கு முன் இது.

பரிசளிப்பு விழாவில் நினைவுப் பரிசில்கள் என்று ஒரு பகுதி உண்டு. ஒரு காலத்தில் யாரோ தன் தாயின் பெயரிலோ, அகாலமாகப் போன மகளின் பெயரிலோ சில ஆயிரம் ரூபாவை நிலையான வைப்பில் போட்டு, அந்த வட்டியில் வருடா வருடம் கணிதத்துக்கோ தமிழுக்கோ பரிசில் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு அந்த வட்டியில் நல்ல அகராதி வாங்கலாம். இன்றைக்கு ஒரு கொப்பி கூடத் தாராளமாக வாங்க முடியாது. பள்ளி தன் கையிலிருந்து போட்டு அந்தப் பெயரைக் காப்பாற்றும், அல்லது சத்தமில்லாமல் பரிசில் நின்றுபோகும். குடும்பத்தாரைத் தேடிப் பிடித்துச் சொன்னால் பெரும்பாலும் உடனே வைப்பைக் கூட்டிக் கொடுப்பார்கள், தங்கள் பாட்டியின் பெயர் இன்னும் வாசிக்கப்படுகிறது என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. பதிவேடு இருந்தால்தான் அவர்களைத் தேட முடியும்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். இதில் ஊர் நடைமுறை ஒன்று உங்களுக்குத் தெரிய வேண்டும். இலவசக் கல்வி 1945 இல் வந்தது. 1960, 61 சட்டங்களால் உதவி பெறும் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றது. வேம்படி அரசாங்கப் பள்ளியாகிப் பின்னாளில் தேசிய பாடசாலையானது. உடுவிலும் சுண்டிக்குளியும் தனியாக நிற்கத் தீர்மானித்தன, ஆனால் அப்படி நின்ற பள்ளிகள் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பது அன்றைய நிபந்தனை. பழைய மாணவர்களின் கை அந்தப் பள்ளிகளுக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் பள்ளி எந்த வகை என்பதைப் பொறுத்து நீங்கள் அனுப்பும் காசு போகும் வழியும் மாறும். அரசாங்கப் பள்ளி என்றால் பாடசாலை அபிவிருத்திச் சங்கம், கல்வித் திணைக்களம் என்று அனுமதிகள் இருக்கின்றன. கட்டடம் என்று வாயெடுத்தால் இன்னும் கூட. மிஷன் பள்ளி என்றால் முகாமைத்துவ சபை, திருச்சபை. இதையெல்லாம் அறியாமல் இங்கே கூட்டத்தில் தீர்மானம் போட்டுக் காசையும் சேர்த்துவிட்டு, அங்கே அனுமதி கிடைக்காமல் இரண்டு பக்கமும் மனம் கசந்துபோன கதைகள் நிறைய.

அதைவிடப் பெரிய பிரச்சினை, காசு கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கே போக ஆசைப்படுவது. நுழைவாயில் வளைவு, பெயர்ப்பலகை போட்ட வகுப்பறை, ஸ்மார்ட் போர்ட். இவற்றுக்கு ஒரு மாலைக்குள் காசு சேர்ந்துவிடும். விடுதிப் பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டில் முட்டை, ஆய்வுகூட இரசாயனங்கள், தண்ணீர்த் தாங்கி கழுவும் ஆளுக்குக் கூலி, மலசலகூடக் கதவின் கொண்டி, வெற்றிடத்துக்கு வந்து படிப்பிக்கும் தொண்டராசிரியருக்கு மாதக் கொடுப்பனவு. இவற்றுக்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாது, ஆகையால் காசும் வராது. எனக்கு இதில் ஒளிவுமறைவு இல்லை: பெண்கள் பள்ளிக்கு உதவுகிற பெண்கள் சங்கம் முதலில் கேட்க வேண்டியது மலசலகூடத்தைப் பற்றி. தண்ணீர் வருகிறதா, கதவு பூட்டுமா, குப்பைக்கூடை இருக்கிறதா, மாதவிலக்கு நாளில் ஒரு பிள்ளை யாரிடம் போய் நாப்கின் கேட்கலாம். 2024 இல் அரசே பின்தங்கிய பள்ளிகளின் மாணவிகளுக்கு 1,200 ரூபா பெறுமதியான வவுச்சர் கொடுக்கத் தொடங்கியது என்றால் அந்தத் தேவை எவ்வளவு பெரிது என்று விளங்கும். நகரத்துப் பெரிய பள்ளிகளுக்கு அந்த வவுச்சர் பொருந்தாமல் போகலாம். ஆனால் அங்கேயும் தீவகத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்து விடுதியில் நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வெட்கத்தில் வாய் திறக்க மாட்டார்கள். நாங்களும் அந்த வயதில் திறக்கவில்லை.

குடிதண்ணீரையும் கேளுங்கள். சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்து 2014, 15 காலத்தில் பெரிய பிரச்சினையானது நினைவிருக்கும். அந்த வட்டாரத்துப் பள்ளிகளுக்கு அப்போது கணினியைவிடத் தண்ணீர்தான் தேவையாக இருந்தது.

இலங்கையில் பொருளாதார நெருக்கடி வந்த 2022 ஐயும் மறக்க வேண்டாம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாவுக்கு ஏறியது. மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள். வெளிநாட்டுக் கிளைகள் அனுப்பிய அதே பவுண் ஊரில் கூடுதல் ரூபாவாகியது, ஆனால் விலைவாசி அதையும் தாண்டி ஓடியது. அந்த வருடம் கட்டடத் திட்டங்களை நிறுத்தி, பிள்ளைகளின் பஸ் காசுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் காசைத் திருப்பிய சங்கங்கள் சரியான வேலை செய்தன. இப்படித் திருப்புவதற்குச் சங்கத்தின் யாப்பில் (விதிமுறையில்) இடம் இருக்கிறதா என்று பாருங்கள். "கட்டட நிதி" என்று பெயர் போட்டுச் சேர்த்த காசை வேறொன்றுக்கு எடுப்பது சிக்கல். ஆகையால் சேர்க்கும்போதே "மாணவிகள் நலன்" என்று பரந்த பெயரில் ஒரு நிதி வைத்திருப்பது நல்லது.

லண்டன் பக்கத்துக் கணக்கு வழக்கு. அறப்பணி நோக்கத்தோடு இயங்கும் சங்கத்தின் வருட வருமானம் 5,000 பவுணைத் தாண்டினால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அறப்பணி அமைப்புகளைக் கண்காணிக்கும் சரிட்டி கமிஷனில் பதிய வேண்டும். உங்கள் கிளை பதிந்திருக்கிறதா என்று முதல் கிழமையே கேளுங்கள். சரிட்டியாக இருந்தால், இங்கே வரி கட்டும் ஒருவர் தரும் ஒவ்வொரு பவுண் நன்கொடைக்கும் கிஃப்ட் எய்ட் வழியாக அரசிடமிருந்து இன்னும் 25 பென்ஸ் எடுக்கலாம். விருந்து ரிக்கற்றுக்கும் ராஃபிள் ரிக்கற்றுக்கும் அது கிடையாது. ஆகையால் ரிக்கற் விலையைச் சாப்பாட்டுச் செலவுக்கு அளவாக வைத்து, மேசையில் நன்கொடைப் படிவத்தைத் தனியாக வையுங்கள். கையொப்பம் ஒன்றுதான் வித்தியாசம், வருட முடிவில் அது ஒரு பிள்ளையின் விடுதிச் செலவாக வந்து நிற்கும். கனடாக் கிளையோடு சேர்ந்து திட்டம் போடும்போது அவர்களுடைய சட்டம் வேறு என்பதை மனதில் வையுங்கள். பதிவு பெறாத சங்கம் அங்கே வரிப் பற்றுச்சீட்டு கொடுக்க முடியாது, வெளிநாட்டுப் பள்ளிக்குக் காசு கொடுப்பதிலும் கட்டுப்பாடுகள் கூட.

இப்போது வந்திருக்கும் புதிய நிலைமை பட்ச் குழுக்கள். வாட்ஸ்அப்பிலும் வைபரிலும் ஒவ்வொரு உயர்தரப் பிரிவும் தனித்தனிக் குழு. அவர்கள் ஒரே இரவில் காசு சேர்த்துவிடுவார்கள், சங்கத்துக்கு அது முடியாது. முதியவர்கள் சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. பாசம் அங்கேதான் சூடாக இருக்கிறது. ஆனால் பேசி வைக்காவிட்டால், ஒரே பள்ளிக்கு ஒரே வருடம் மூன்று பட்ச் மூன்று போட்டோப்பிரதி இயந்திரம் கொடுத்து, மை வாங்கக் காசில்லாமல் இரண்டு மூலையில் கிடக்கும். இதையும் நான் பார்த்திருக்கிறேன். பள்ளியிடம் வருடத் தொடக்கத்தில் தேவைப் பட்டியல் ஒன்றை எழுத்தில் வாங்குங்கள். அதைக் குழுக்களுக்குப் பகிருங்கள், யார் எதை எடுத்தார்கள் என்று எதிரே எழுதுங்கள். சங்கம் இந்தக் கணக்கை வைத்தாலே போதும், பட்ச்கள் தாமாகச் சங்கத்தைத் தேடி வரும்.

இங்கே இருக்கிறவர்களுக்குச் சங்கம் என்ன செய்கிறது என்பது பற்றி யாரும் அறிக்கையில் எழுதுவதில்லை, எழுதவும் முடியாது. புதிதாகக் கல்யாணம் கட்டி வந்த பிள்ளைக்கு ஜி.பி.யில் (குடும்ப வைத்தியரிடம்) பதிவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிற ஓர் அக்கா. கணவரை இழந்தவர் வீட்டில் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குப் பிறகு ஆட்கள் வருவது நின்றதும், சனிக்கிழமைகளில் சமைத்துக்கொண்டு போகிற இரண்டு பேர். வீட்டுக்குள் அடி வாங்குகிறவள் தன் அண்ணனிடம் கூடச் சொல்லாததை, விடுதியில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவளிடம் சொல்வாள். எங்கள் ஒன்றுகூடல்களில் பெண்கள் தங்கள் பள்ளிக்காலப் பெயரால் கூப்பிடப்படுகிறார்கள், வேறெங்கும் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா. அறுபது வயதுக்காரர் ஒருவரைப் பட்டப்பெயர் சொல்லி யாரோ கூப்பிட, அவர் திரும்பிப் பார்த்த வேகத்தை நீங்களும் ஒரு நாள் பார்ப்பீர்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்களையும் இதில் சேருங்கள். ஊரிலும் இங்கேயும் தனியாக இருக்கிற ரீச்சர்மார் பலர். பொன்னாடை போர்த்திப் படம் எடுப்பதோடு விடாமல், மாதம் ஒருமுறை தொலைபேசி எடுக்க ஒவ்வொரு ரீச்சருக்கும் ஒரு பழைய மாணவியைப் பொறுப்பாக்கினால், அவர்களுக்கும் துணை, உங்களுக்கும் பழைய பெயர்கள் பல கிடைக்கும்.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பள்ளியின் நிர்வாகத்தில் தலையிட வேண்டாம். யாரை அதிபராக்குவது, எந்த ஆசிரியரை மாற்றுவது, யாருடைய பிள்ளையைச் சேர்ப்பது, இவற்றில் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதச் சொல்லி உங்களிடம் வருவார்கள். காசு கொடுக்கிறோம் என்ற தைரியத்தில் கேட்பார்கள். அரசாங்கப் பள்ளிகளில் முதலாம் வகுப்பு அனுமதியில் 25 வீதம் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கென்று விதியிலேயே இருக்கிறது, சங்க உறுப்புரிமைக்கும் அதில் புள்ளி உண்டு. அதற்கான உறுப்பினர் சான்றிதழை நேர்மையாகக் கொடுப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. பின்திகதியிட்டு உறுப்புரிமை கேட்டால் யாராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

மற்றது, யாருடைய சங்கம் இது என்ற கேள்வி. பட்டினத்துப் பெரிய பள்ளிகளில் ஒரு காலத்தில் யார் சேர முடிந்தது என்பதில் வசதியும் சாதியும் இருந்தன. அந்த நிழல் செயற்குழுத் தெரிவுகளில் இன்னும் விழும். விடுதியில் புலமைப்பரிசிலில் படித்தவர், இடப்பெயர்வில் ஒரு வருடம் மட்டும் அந்தப் பள்ளியில் இருந்தவர், உயர்தரம் சித்தியடையாமல் வெளியேறி இப்போது துப்புரவு வேலை செய்பவர், இவர்கள் "நான் அவ்வளவு பெரிய ஆளில்லை" என்று ஒதுங்குவார்கள். நீங்களே எடுத்துக் கூப்பிடுங்கள். விருந்து ரிக்கற் கட்ட முடியாதவருக்கு அமைதியாக ஓர் இடம் வையுங்கள். முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் வெளிநாட்டில் கிளை வைக்கப் பழைய மாணவிகளே இல்லாத பள்ளிகள் இருப்பதையும் செயற்குழுவில் பேசுங்கள். உங்கள் பள்ளி அப்படி ஒரு பள்ளியோடு கைகோத்து, ஆய்வுகூடத்தையும் ஆங்கிலப் பயிற்சியையும் விடுமுறையில் பகிர்ந்துகொள்ளும் திட்டத்துக்குச் சங்கம் போக்குவரத்துச் செலவைக் கொடுத்தால், அது நுழைவாயில் வளைவைவிட நெடுநாள் நிற்கும்.

பொறுப்பேற்கும் நாளில் முந்தைய செயலாளரிடம் கூட்டக் குறிப்புப் புத்தகம், யாப்பின் கையொப்பமிட்ட பிரதி, மின்னஞ்சல் கடவுச்சொல், உறுப்பினர் பட்டியல் எந்த வடிவில் இருந்தாலும் அது, இவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். பொருளாளரிடம் வங்கிக் கணக்கில் யார் யார் கையொப்பமிடலாம் என்று கேளுங்கள். அவர்களில் ஒருவர் எப்போதோ ஊருக்குத் திரும்பியிருப்பார், மாற்றப்பட்டிருக்காது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பட்டியலில் மேலே இருக்கும் மிக மூத்த இருபது பேருக்கு நீங்களே தொலைபேசி எடுங்கள். செய்தி அனுப்ப வேண்டாம், எடுத்துக் கதையுங்கள். பேச்சின் முடிவில், வீட்டில் பழைய வகுப்புப் படம் ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள்.